பிளேட்லெட் 2.5 என்று சிவப்பில் நிற்கிறது: எச்எல்7 தெரிந்தவர்கள் பார்க்கவும்

மஞ்சக்குப்பம்_லேப்:
கடலூரில் லேப். புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு எச்எல்7 (மருத்துவ சாஃப்ட்வேர்கள் தகவல் பரிமாறும் முறை) வெர்ஷன் 2 மெசேஜாக ரிசல்ட் போகிறது. எல்லாவற்றுக்கும் ஏஏ (ஏற்றுக்கொண்டோம்) என்றுதான் பதில் வருகிறது. ஆனால் 2.5 லட்சம் பிளேட்லெட் அங்கே அபாயச் சிவப்பில் தெரிகிறது. தமிழ்ப் பெயர்கள் ???? ஆகிவிடுகின்றன. சில ரிசல்ட் நோயாளியின் கணக்கில் ஏறுவதே இல்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

வில்லியனூர்_இன்டர்ஃபேஸ்:
பிளேட்லெட் அனுப்புவதை இப்போதே நிறுத்துங்க சார், மற்றது பொறுக்கும். மெஷின் தருவது 250, அலகு 10*3/யூஎல் (மைக்ரோலிட்டருக்கு இத்தனை ஆயிரம்). சாஃப்ட்வேர் பிரிண்ட்டுக்காக அதை லட்சமாக்கி, அந்த 2.5-ஐ ஓபிஎக்ஸ்-5-இல் (மெசேஜில் ரிசல்ட் மதிப்பு வரும் இடம்) போட்டுவிட்டு, ஓபிஎக்ஸ்-6-இல் (அலகு வரும் இடம்) பழைய அலகையே விட்டிருக்கும். வாங்குகிற பக்கம் 2,500 என்று படிக்கிறது. டெங்கு சீசனில் இது விளையாட்டில்லை. லட்சக் கணக்கு பேப்பரோடு நிற்கட்டும். மெசேஜில் 250, லாயிங்க் (டெஸ்ட்டுகளுக்கான பொதுக் குறியீடு) 777-3, மதிப்பின் வகையைச் சொல்லும் ஓபிஎக்ஸ்-2-இல் என்எம் (வெறும் எண்). "<0.01" போன்ற ரிசல்ட்டுக்கு மட்டும் எஸ்என் (அடையாளத்தோடு வரும் எண்), என்எம் போட்டால் அந்த அடையாளத்தைப் பார்த்ததும் ரிஜெக்ட் ஆகும்.

ஏஏ-வை நம்ப வேண்டாம். மெசேஜை வாங்கிப் பிரித்து அனுப்பும் பல எஞ்சின்கள், அது கியூவில் விழுந்ததுமே அதைக் கொடுத்துவிடும். எம்எஸ்ஹெச்-10 எண்ணை (ஒவ்வொரு மெசேஜுக்கும் உள்ள தனி எண்) சொல்லி அவர்களுடைய எரர் கியூவில் (ஏறாத மெசேஜ்கள் நிற்கும் வரிசை) தேடச் சொல்லுங்க.

திருப்பாப்புலியூர்_டிபிஏ:
பெயர் விஷயம். உண்மையான கேள்விக்குறிகளாகவே சேமிப்பில் இருந்தால் எழுத்து ஏற்கெனவே போய்விட்டது, மீட்க முடியாது. திரும்ப அனுப்பத்தான் வேண்டும். à® போன்ற ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் பைட்டுகள் பத்திரம், படிப்பதுதான் தப்பு. எழுத்துமுறையைச் சொல்லும் எம்எஸ்ஹெச்-18-இல் யூடிஎஃப்-8 (தமிழும் அடங்கும் யூனிகோட் முறை) குறிப்பிட்டிருக்கா? டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வராக இருந்தால், பெயர் வைக்கும் column என்வார்கேரா (யூனிகோட் எழுத்தை ஏற்கும் வகை)? இன்னொன்று: யூடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், கு என்றால் க ஒரு குறி, உகரக் கொக்கி இன்னொரு குறி. "குமாரசாமி"யே 27 பைட். 20 பைட் ஃபீல்டில் பாதியில் அறுந்துவிடும்.

நெல்லிக்குப்பம்_எச்ஐஎம்:
கணக்கில் ஏறாததற்குப் பெரும்பாலும் பிஐடி-3 (நோயாளியின் அடையாள எண்கள் வரும் இடம்) காரணம். உங்கள் லேப் எண்ணை மட்டும் அனுப்பினால் அவர்களுக்கு அது யாரென்று தெரியாது. அவர்களுடைய யூஎச்ஐடி (மருத்துவமனை நோயாளிக்குத் தரும் எண்), உங்கள் எண், ஆபா (அரசின் சுகாதாரக் கணக்கு எண்) மூன்றையும் ~ போட்டு அடுக்கி, ஒவ்வொன்றும் யார் கொடுத்த எண் என்று நான்காம் பகுதியில் எழுதுங்க. ஆபா 14 இலக்கம். ஒரு பக்கம் கோடு போட்டும் மறுபக்கம் போடாமலும் வைத்தால் பொருந்தாது. 2020-இல் ஆபாவுக்கான திட்டமான டிஜிட்டல் ஹெல்த் மிஷன் முதலில் தொடங்கிய யூனியன் பிரதேசங்களில் புதுச்சேரியும் ஒன்றுதான். அதற்காக வருகிறவர் எல்லோரிடமும் ஆபா இருக்கும் என்று கணக்குப் போடாதீங்க.

மஞ்சக்குப்பம்_லேப்:
அலகு நீங்கள் சொன்னபடிதான் இருக்கிறது. ஏற்கெனவே போன பிளேட்லெட்டுகளை என்ன செய்ய?

வில்லியனூர்_இன்டர்ஃபேஸ்:
சரியான 250-ஐ, அதே ஓபிஆர்-3 எண்ணில் (லேப் தந்த ஆர்டர் எண்), ரிசல்ட்டின் நிலையைச் சொல்லும் ஓபிஆர்-25-இலும் ஓபிஎக்ஸ்-11-இலும் சி (திருத்தம்) போட்டு அனுப்புங்க. புது எண்ணில் போனால் பழைய 2.5-ம் பக்கத்திலேயே நிற்கும். எம்எஸ்ஹெச்-10 மட்டும் புதிதாக இருக்கணும், இல்லையென்றால் டூப்ளிகேட் என்று தள்ளிவிடும். முதலில் வார்டுக்குப் போன் பண்ணுங்க.