ஒரே துப்பாக்கிக் குழலில் இரண்டு வெடிமருந்து கலந்து போட்டால் என்ன ஆகும்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

மேப்பிள்காடு:
பென்சில்வேனியா. கிறிஸ்துமஸுக்குப் பிறகு வரும் பிளின்ட்லாக் (தீக்கல் பொறியால் வெடிக்கும் பழைய முறைத் துப்பாக்கி) மான் வேட்டை சீசனுக்காகச் சுடுதளத்துக்குக் குறி சரிபார்க்கப் போயிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் குழலின் அடியில் ஒரு சிட்டிகை கருமருந்து (பழங்கால வெடிமருந்து), அதன்மேல் அதற்கு மாற்றாக விற்கும் பைரோடெக்ஸ் என்று போட்டுக் கெட்டித்தார். பைரோடெக்ஸ் மட்டும் போட்டால் பிளின்ட்லாக்கில் சட்டென்று பிடிக்காது, எல்லாருக்கும் தெரிந்ததுதான். விசையை இழுத்ததும் தீக்கல் பிடித்த குதிரை விழுந்தது. குழலுக்கு வெளியே கிண்ணியில் இருந்த பற்றவைப்பு மருந்து குப்பென்று எரிந்தது. குழலில் சத்தமே இல்லை. துப்பாக்கியை இறக்கிக்கொண்டே என் பக்கம் திரும்பி, "பார்த்தீர்களா" என்றார். குழல் பாதி திரும்பியிருந்தபோது வெடித்தது. என் மேசைக்கு முன்னால் மண் தெறித்தது. அவருடைய அந்தப் பாதி வாக்கியம் இன்னும் காதில் நிற்கிறது.

பழையகுழல்:
மேப்பிள்காடு, இதில் மருந்தைக் கலந்ததை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. தனிக் கருமருந்தும் ஈரம்பட்டால் தாமதமாக வெடிக்கும். அவர் குழலைத் திருப்பியதுதான் குற்றம். கலப்பு என்றால் நான் டெக்ஸாஸில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். ஒருவர் மிச்சம் கிடந்த பைரோடெக்ஸையும், இன்னொரு மாற்று மருந்தான டிரிபிள் செவனையும் ஒரே குடுவையில் கொட்டிக் குலுக்கினார், "இடம் மிச்சம்" என்று. டிரிபிள் செவனுக்கு வேகம் அதிகம் என்பதால் கருமருந்துக்கு எடுக்கும் கன அளவில் 15 சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள். அந்தக் குடுவையில் எதைக் குறைப்பது? ஒவ்வொரு வெடிக்கும் தோள் ஒவ்வொரு மாதிரி பின்னால் போனது. நான் மேசையை மாற்றிக்கொண்டேன்.

நீலக்கரி:
துப்பாக்கி பழுதுபார்க்கும் கடையில் ஒரு குழல் பார்த்தேன். அடிப்பக்கம் நீளவாக்கில் பிளந்திருந்தது, முன்கட்டை இல்லை. குழலில் படியும் கரி குறையட்டும் என்று துப்பாக்கிக்காரர் கருமருந்தோடு கொஞ்சம் புகையில்லா மருந்து (இன்றைய தோட்டாக்களில் இருப்பது) சேர்த்தாராம். கொண்டுவந்தது அவர் மகன். அப்பா ஆஸ்பத்திரியில் என்றான்.

புதிதாக வருபவர்களுக்காக எழுதுகிறேன். கருமருந்தில் அழுத்தம் ஓரளவோடு நிற்கும். புகையில்லா மருந்து அப்படியல்ல, அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும். வாய் வழியாக மருந்து போடும் சாதாரண முன்வாய்த் துப்பாக்கிக் குழல் அதற்குச் செய்ததே இல்லை. "கொஞ்சம்தானே" என்ற பேச்சே வேண்டாம். மருந்தை அது வந்த டப்பாவிலேயே வையுங்கள். மேசையில் ஒரு டப்பாதான் இருக்க வேண்டும். டப்பாவிலிருந்து நேராகக் குழலில் கொட்டாதீர்கள், அளவைக் குழாயில் எடுத்துப் போடுங்கள். பெயர் தெரியாத மருந்து கருப்பாக இருக்கிறது என்பதற்காகக் கருமருந்து ஆகிவிடாது, புகையில்லா மருந்திலும் கருப்பு உண்டு. வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கு நோக்கியே பிடித்து, ஒரு நிமிடமாவது அசையாமல் நில்லுங்கள்.

பழையகுழல்:
நீலக்கரி, நீங்களே "சாதாரண" என்று சொல்லிவிட்டீர்கள், அதையும் விளக்குங்கள். சாவேஜ் நிறுவனத்தின் 10எம்எல் என்ற முன்வாய்த் துப்பாக்கி புகையில்லா மருந்துக்கென்றே செய்ததுதானே.

நீலக்கரி:
அதிலும் அவர்கள் சொன்ன மருந்தைத் தனியாகத்தான் போட வேண்டும். கலந்து அல்ல.

மேப்பிள்காடு:
பழையகுழல், குழலைத் திருப்பியது தவறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மருந்து ஒழுங்காகப் பிடித்திருந்தால் திரும்ப அவருக்கு நேரமே இருந்திருக்காது.