டெலவேர்ல வாங்கின லேப்டாப்புக்கு நியூ ஜெர்சில யூஸ் டாக்ஸ் கட்டணுமா?

எடிசன்_அம்மா: பையன் காலேஜுக்குன்னு போன ஆகஸ்ட்ல டெலவேர் கிறிஸ்டியானா மால் போய் 2,400 டாலருக்கு லேப்டாப் வாங்கினோம், அப்படியே அவனுக்கு ரெண்டு ஜாக்கெட்டும் எடுத்தோம். பில்லுல டாக்ஸ்னு போட்டு நேரா 0.00. இப்ப நியூ ஜெர்சி ஸ்டேட் வருமான வரி ரிட்டர்ன் போட உக்காந்தா வெளி ஸ்டேட்ல வரி இல்லாம ஏதாச்சும் வாங்கினீங்களான்னு கேக்குது, வீட்டுக்காரர் சைபர் போடு எல்லாரும் அதான் போடறாங்கங்கறார். எனக்கு கை வரல. என்ன பண்றது?

பார்சிப்பனி_பாலா: அக்கா, சைபர் போட்டுட்டு நிம்மதியா இருங்க. டெலவேர்ல சேல்ஸ் டாக்ஸே கிடையாது, அந்த ஊர் சட்டப்படி முழு காசும் குடுத்துதானே வாங்கினீங்க. பாலத்துக்கு டோல், பெட்ரோல், அரை நாள் போச்சு. நாட்டுலயே அதிகமா ப்ராப்பர்டி டாக்ஸ் புடுங்கற ஸ்டேட் நம்மளது, இதுக்கு மேலயும் தேடிப்போய் குடுக்கணுமா?

கிரைண்டர்கடை: பாலா தம்பி, நான் எடிசன் பக்கம் மிக்ஸி, கிரைண்டர், குக்கர் விக்கிற சின்ன கடைக்காரன். விக்கிற ஒவ்வொண்ணுக்கும் 6.625 சதவீதம் சேல்ஸ் டாக்ஸ் வாங்கி மூணு மாசத்துக்கு ஒருதடவ 20ஆம் தேதிக்குள்ள கட்டறேன், ஒருநாள் தாண்டினாலும் அபராதம். போன வருஷம் ஒருத்தர் வந்து கிரைண்டர் மூடிய தொறந்து கல்ல தூக்கிப் பாத்து தண்ணி ஊத்தி ஓட்டிக் காட்ட சொன்னார், காட்டினேன், அடியில இருந்த மாடல் நம்பர போட்டோ எடுத்துட்டுப் போனார். ரெண்டு வாரம் கழிச்சு அவரே போன் பண்ணி பெல்ட் உங்ககிட்ட கிடைக்குமா, டெலவேர்ல வாங்கினேன் அங்க டாக்ஸ் இல்லன்னார். பெல்ட் குடுத்தேன், ஆனா அன்னிக்கு மனசு ஆறல.

பார்சிப்பனி_பாலா: அண்ணா உங்க கஷ்டம் புரியுது. ஆனா யாரும் வசூலிக்காத வரிய மனசாட்சி இருக்கறவன் மட்டும் கட்டணும்னா அது என்ன நியாயம்? கார் வாங்கினா ரெஜிஸ்டர் பண்றப்பவே புடிச்சுக்கறாங்க, லேப்டாப்புக்கு யாரு வந்து பாக்கறா?

கணக்குப்புள்ள: வருஷம் பூரா இந்த ரிட்டர்ன்தான் என் வேலை, அதனால சொல்றேன். இது டெலவேருக்கு கட்டற வரி இல்ல அக்கா, பொருள நியூ ஜெர்சில வெச்சு பயன்படுத்தறதுக்கு இங்க கட்டற வரி, அதான் பேரே யூஸ் டாக்ஸ். 1930கள்லயே ஸ்டேட்டுங்க இத கொண்டுவந்தாச்சு, 1937ல சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னு சொல்லிடுச்சு. பிலடெல்பியால வாங்கியிருந்தா அங்கயே 8 சதவீதம் போயிருக்கும், அது இங்க கழிஞ்சிடும், மேல கட்ட ஒண்ணும் இருக்காது. ஒவ்வொண்ணும் 1,000 டாலருக்குக் கீழ உள்ள பொருளா இருந்து பில் இல்லன்னா வருமானத்த வெச்சு ஒரு டேபிள் இருக்கு, அதுல உள்ள தொகைய போட்டாப் போதும். உங்க லேப்டாப் 1,000 தாண்டினதால தனியா கணக்கு: 2,400க்கு 159 டாலர். ஜாக்கெட் ஃபர் இல்லேல்ல? அப்ப துணிக்கு இங்கயே வரி கிடையாது, சேக்க வேணாம். இன்னொண்ணு, அந்த கட்டத்துல சைபர் போட்டா "நான் எதுவும் கட்ட வேண்டியதில்ல"ன்னு கையெழுத்து போட்டுக் குடுக்கறதா அர்த்தம். அத மட்டும் லேசா எடுத்துக்காதீங்க.

பார்சிப்பனி_பாலா: அப்ப ஆன்லைன்ல வருஷக்கணக்கா வரி இல்லாம வித்தாங்களே, அப்ப எங்க போச்சு இந்த நியாயம்?

கிரைண்டர்கடை: அதத்தான் தம்பி நாங்க வருஷக்கணக்கா கத்தினோம். ஸ்டேட்டுக்குள்ள கடையோ கோடவுனோ இல்லாத கம்பெனிய வரி வசூல் பண்ணச் சொல்ல முடியாதுன்னு 1992ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, அத வெச்சே 26 வருஷம் ஓட்டினாங்க. 2018 ஜூன்ல வேஃபேர்ங்கற ஆன்லைன் கடை மேல சவுத் டகோட்டா ஸ்டேட் போட்ட கேஸ்ல 5க்கு 4னு தீர்ப்பு மாறுச்சு, அதுக்கப்புறம்தான் பெரிய ஆன்லைன் கடைங்க எல்லாம் வரி போட ஆரம்பிச்சாங்க, நமக்கும் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. இப்ப மிச்சம் இருக்கறது நேர்ல போய் தூக்கிட்டு வர்றதுதான்.

பார்சிப்பனி_பாலா: பணக்காரன் எவன்ணா கட்டறான்?

கணக்குப்புள்ள: டைக்கோ கம்பெனி தலைவரா இருந்த டென்னிஸ் கோஸ்லவ்ஸ்கிய 2002ல மன்ஹாட்டன்ல இதுக்குத்தான் புடிச்சாங்க, ஒரு கோடி டாலருக்கு மேல ஓவியங்கள வாங்கி நியூயார்க் வீட்டுல மாட்டிட்டு, வரி இல்லாத நியூ ஹாம்ப்ஷயருக்கு அனுப்பினதா பேப்பர்ல காட்டி காலிப் பெட்டிய அனுப்பினாங்கன்னு குற்றச்சாட்டு. 10 லட்சம் டாலருக்கு மேல வரி ஏய்ப்புன்னு கேஸ்.

பார்சிப்பனி_பாலா: சரி அதுல ஏமாத்து இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அவர் வேற, காலேஜ் போற புள்ளைக்கு லேப்டாப் வாங்கின அம்மா வேற. கடையே வாங்கிக் கட்டற மாதிரி சட்டம் போடணும், இல்லன்னா இந்த கட்டத்தையே எடுத்துடணும், நேர்மையா இருக்கறவங்கள மட்டும் தேடிப் புடிக்கற வரி எனக்கு சரியா படல.

எடிசன்_அம்மா: எல்லாருக்கும் நன்றி. பில்ல எடுத்து வெச்சு 159 போட்டுட்டேன், ஜாக்கெட் சேக்கல. பாலா தம்பி சொல்றதும் தப்புன்னு தோணல, ஆனா அந்த சைபருக்குக் கீழ என் கையெழுத்து போட எனக்கு முடியல. கிரைண்டர்கடை அண்ணா, டேபிள் டாப் 2 லிட்டர் இருக்கா? சனிக்கிழமை வர்றேன்.

கிரைண்டர்கடை: இருக்கும்மா, வாங்க.