பிபி ஏறின கர்ப்பிணிக்கு டோட்டல் கவுண்ட் 16,800, இன்ஃபெக்‌ஷனா?

குடியாத்தத்தான்:
வொய்ஃபுக்கு 33 வாரம். நேத்து செக்கப்ல பிபி 150/100, யூரின்ல புரோட்டீன் டூ பிளஸ், உடனே அட்மிட் ஆகணும்னு வேலூருக்கு அனுப்பிட்டாங்க. வந்ததும் குழந்தை நுரையீரலுக்குனு ஒரு ஊசி, பிபிக்கு மாத்திரை. இன்னைக்கு பிளட் எடுத்ததுல டோட்டல் கவுண்ட், அதான் வெள்ளை அணு எண்ணிக்கை, 16,800. ஜுரம் இல்ல. மாமியார் உள்ள சீழ் புடிச்சிருக்கு, ஏன் ஆன்டிபயாடிக் போடலன்னு ஒரே சண்ட. டூட்டி டாக்டர் "இந்த பிபிலயே வெள்ளை அணு ஆக்டிவேட் ஆகும்பா"ன்னு சொல்லிட்டு அடுத்த பெட்டுக்கு போய்ட்டார். அப்டின்னா இன்னா?

லேப்_அக்கா:
தம்பி, ரிப்போர்ட்ல போடுற நார்மல் 4,000-11,000 கர்ப்பிணிக்கான அளவு இல்ல. மாசமா இருந்தாலே கவுண்ட் ஏறும், 15,000 தாண்டுறதையும் நாங்க பாக்குறதுதான். அதுக்கு மேல அந்த நுரையீரல் ஊசி ஸ்டீராய்டு, அது போட்ட மறுநாள் கவுண்ட் எகிறும், சில நாள்ல தானா இறங்கும். ஜுரம், வயித்துவலி, நாத்தமா நீர் போறது இருந்தா வேற கதை, உடனே சொல்லுங்க. இன்னொன்னு, டாக்டர் சொன்ன ஆக்டிவேஷன் இந்த கவுண்ட்ல தெரியவே தெரியாது, எண்ணிக்கை வேற அணுவோட வேகம் வேற.

பிஜி_ஸ்டூடன்ட்_காட்பாடி:
அக்கா சொன்னது கரெக்ட். கர்ப்பத்துல எல்லாருக்குமே வெள்ளை அணு கொஞ்சம் உசாராதான் இருக்கும், ப்ரீஎக்ளாம்ப்சியாவுல, அதான் கர்ப்பத்துல பிபி ஏறி யூரின்ல புரோட்டீன் போற இந்த நோய்ல, அது அளவு மீறி போகுது, ஆக்ஸ்ஃபோர்டுல ரெட்மேன், சார்ஜென்ட் குழு 1999ல இதைத்தான் எழுதினாங்க. கர்ப்பப்பை ரத்தக்குழாய் சரியா விரியாததால நஞ்சுக்கொடிக்கு ரத்தம் பத்தல, அதுல இருந்து துணுக்கும் சில புரோட்டீனும் அம்மா ரத்தத்துல கலக்குது, அதைப் பார்த்து நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணு கெளம்பி குழாய் சுவர்ல ஒட்டிக்கிட்டு எலாஸ்டேஸ்னு ஒரு என்ஸைமும் ஆக்ஸிஜன் ரேடிக்கலும் கக்குது. சுவர் புண்ணாகி கசியுது, சுருங்குது. கால் வீக்கம், யூரின்ல புரோட்டீன், பிபி எல்லாத்துலயும் இந்த குழாய் டேமேஜுக்கு பங்கு இருக்கு. ஆனா இதுல கிருமியே இல்லாதப்போ ஆன்டிபயாடிக் இன்னா பண்ணும்? மாமியார்கிட்ட பொறுமையா சொல்லுங்க. நீங்க பாக்க வேண்டியது கவுண்ட் இல்ல, பிளேட்லெட்டும் லிவர் டெஸ்ட்டும்.

ஆற்காடு_அம்மா:
எனக்கு மூத்தவனுக்கு இதேதான். தலைவலி விடாம இருந்தா, கண்ணுல பூச்சி பறக்குற மாதிரி தெரிஞ்சா, மேல் வயிறு வலிச்சா நடுராத்திரி ஆனாலும் சிஸ்டரை எழுப்பிடுங்க, சங்கடப்படாதீங்க. உப்பே போடாம சாப்பாடு குடுத்து எங்க வீட்ல என்னை வாட்டி எடுத்தாங்க, அதுல பிபி ஒண்ணும் இறங்கல.

குடியாத்தத்தான்:
பிளேட்லெட் 1,90,000. பரவால்லயா? குழந்தை பொறந்தா சரியாய்டும்னு சொல்றாங்களே?

பிஜி_ஸ்டூடன்ட்_காட்பாடி:
1,90,000 நல்லாதான் இருக்கு, 1,00,000க்கு கீழ போனாதான் பயம். ஆனா ஒரே ரிப்போர்ட்ட வச்சு விட்டுட முடியாது, திரும்ப எடுப்பாங்க. நஞ்சுக்கொடி வெளிய வந்தாதான் நோய் அடங்க ஆரம்பிக்கும், அதுவும் உடனே இல்ல, டெலிவரிக்கு அப்புறமும் ஃபிட்ஸ் வரலாம், பிபி ரொம்ப ஏறினா மெக்னீசியம் சல்ஃபேட் போடுறது அதுக்குத்தான். அதனால டிஸ்சார்ஜ் பண்ணுங்கனு அவசரப்படுத்தாதீங்க. அடுத்த குழந்தைன்னா 16 வாரத்துக்கு முன்னாடியே டாக்டரைப் பாருங்க, குறைஞ்ச டோஸ் ஆஸ்பிரின் ஆரம்பிக்கணுமான்னு அவங்க சொல்வாங்க, நீங்களா மெடிக்கல்ல வாங்கி குடுக்காதீங்க.