புதுப்பிப்பு: அம்மாவின் கஸ்டர்டில் கலந்த மாத்திரை

போன மாதம் எழுதியிருந்தேனே, இங்கிலாந்தில் அம்மா இருக்கும் முதியோர் இல்லத்தில் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மாத்திரையைப் பொடித்துக் கஸ்டர்டில் கலந்து கொடுக்கிறார்கள் என்று, அது பற்றிப் பேச நேற்று டாக்டர், மருந்தாளர், நர்ஸ், நான் எல்லாரும் உட்கார்ந்தோம். 2005 மனத்திறன் சட்டப்படி, மருந்து எடுப்பதா வேண்டாமா என்பதை அம்மாவால் தானே முடிவு செய்ய முடியுமா என்று முதலில் பார்த்திருக்க வேண்டும். முடியாது என்றால்தான் அவர் நலனுக்கு எது நல்லதென்று கூடிப் பேசி எழுதி வைக்க வேண்டும். எதுவுமே செய்யவில்லை. அதைவிட வயிற்றைக் கலக்கியது, பொடித்ததில் ஒன்று மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையாம், பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். அதை நிறுத்தி, திரவ மருந்து எழுதிவிட்டார்கள். இன்று காலை நானே “அம்மா, பிரஷர் மருந்து” என்று சொல்லி ஸ்பூனை நீட்டினேன், முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்துவிட்டார்.