நம்பர் சேவ் ஆகியிருக்கிறது, தேடினால் வரவில்லை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

மன்னார்குடியிலிருந்து:

மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "தம்பி, நம்பரெல்லாம் அழிஞ்சு போச்சு." உண்மையில் அழிந்திருப்பது அபூர்வம். நம்பர் ஃபோனுக்குள்ளேயேதான் இருக்கும், தேடும்போது மட்டும் சிக்காது. கதிர் முற்றி, மேகமும் கறுத்து நிற்கிற நேரத்தில் மெஷின்காரர் நம்பர் கிடைக்காவிட்டால் ஒரு விவசாயி என்ன பாடு படுவார் என்று நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த வருஷம் வந்த ஒரு பெரியவரின் கதையைச் சொல்கிறேன். 'ராஜா' என்று தேடுகிறார், எதுவும் வரவில்லை. காண்டாக்ட் பட்டியலை மேலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனோம். 'அறுவடைமெஷின்ராஜா' என்று இடைவெளியே இல்லாமல் ஒரே சொல்லாகச் சேவ் ஆகியிருந்தது. பல ஃபோன்களில் தேடல் ஒவ்வொரு சொல்லின் தொடக்கத்தைத்தான் பார்க்கும். சொல்லின் நடுவில் ஒளிந்திருக்கிற 'ராஜா' அதன் கண்ணில் படாது. நடுவே இடைவெளி விட்டு மறுபடி சேவ் செய்தேன். 'ரா' அடித்ததுமே வந்து நின்றது. அங்கேயே நின்று மெஷின்காரரிடம் பேசி, மறுநாள் காலைக்கு வண்டியை உறுதி செய்துகொண்டுதான் அவர் படி இறங்கினார்.

இன்னொன்றும் கவனித்தேன். அரிவாள் பிடித்தே விரல் நுனி தேய்ந்த கை அவருடையது. டச் சரியாக எடுக்காததால் மைக்கை அழுத்திப் பேசித்தான் தேடுகிறார். பேசினால் தமிழில் எழுதிக்கொள்கிறது. மற்ற பெயர்களை எல்லாம் பேரன் ஆங்கில எழுத்தில் சேவ் செய்து கொடுத்திருக்கிறான். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் இருக்கிற பெயரைப் பெரும்பாலான ஃபோன்கள் காட்டாது. ஆங்கிலத்திலேயே தேடினாலும் நம் பெயர்களுக்கு ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. சண்முகத்தை ஒருவர் 'எஸ்' போட்டதும் 'ஏ' போடுவார், இன்னொருவர் நடுவே ஒரு 'ஹெச்' சேர்ப்பார். ஞானம் 'ஜி'யிலும் இருக்கும், 'என்'னிலும் இருக்கும். நான் செய்வது இது: காண்டாக்ட்டைத் திருத்தும் பக்கத்தில் கூடுதல் விவரங்களைத் திறந்தால் நிக்நேம் என்று ஒரு கட்டம் வரும். பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் அந்தக் கட்டத்தில் தமிழில் எழுதிவிடுவேன். பிறகு தமிழில் தேடினாலும் ஆள் கிடைப்பார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அடிக்கடி கூப்பிடும் நம்பர்களுக்காவது உட்கார்ந்து இதைச் செய்து கொடுங்கள்.

அடுத்தது, கணக்குத் தொல்லை. நீடாமங்கலத்து அக்கா ஒருவர் கொண்டுவந்த ஃபோனில் மொத்தமே ஏழெட்டுப் பெயர்தான் தெரிந்தது. காண்டாக்ட்ஸ் செட்டிங்ஸில் 'சிம் மட்டும்' என்று இருந்தது. 'எல்லாக் கணக்குகளும்' என்று மாற்றியதும் மற்றவை திரும்பி வந்தன. அவருக்கு ஒரு நொடியில் தீர்ந்துவிட்டது. எல்லாருக்கும் அப்படித் தீராது. ஃபோன் வாங்கின இடத்திலேயே யாரோ ஒரு ஜிமெயில் போட்டுக் கொடுத்திருப்பார்கள், பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. சேவ் செய்ததெல்லாம் அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். ஃபோன் உடைந்தால் நம்பரும் போச்சு. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது. கடைக்காரர்களே, பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வாடிக்கையாளர் கையில் கொடுங்கள்.

அப்புறம், தேடல் வேலை செய்யவில்லை என்றதும் வீடியோவைப் பார்த்துவிட்டு 'டேட்டா கிளியர்' செய்யாதீர்கள். கேச், அதாவது ஆப் தற்காலிகமாகச் சேர்த்து வைப்பதை, அழிப்பதால் பாதகமில்லை. 'காண்டாக்ட்ஸ் ஸ்டோரேஜ்' என்பதில் டேட்டாவை அழித்தால், ஃபோனில் மட்டும் இருந்த நம்பர்கள் நிஜமாகவே போய்விடும். கூகுள் கணக்கில் இருந்தவை தெரியாமல் நீக்கப்பட்டிருந்தால் 30 நாள் வரை ட்ராஷில் இருக்கும், அங்கிருந்து மீட்டுவிடலாம்.

கும்பகோணத்திலிருந்து:

என் அம்மாவின் ஃபோனில் தேடல் நன்றாகவே வேலை செய்கிறது. பெயர் வரும், அழைப்பு போகாது. எல்லாம் பழைய டைரியைப் பார்த்து ஏற்றிய லேண்ட்லைன் நம்பர்கள், எஸ்டிடி கோடு இல்லாமல். செல்லிலிருந்து அடிக்க உள்ளூர் என்றாலும் கோடு வேண்டும்: இங்கே 0435, தஞ்சாவூருக்கு 04362, திருவாரூருக்கு 04366. அத்தனையையும் திருத்தினோம்.

சிங்கப்பூரில் இருக்கும் மாமா பையன் கதை வேறு. காண்டாக்ட்டில் பெயர் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் தேடினால் ஆளே இல்லை. அங்கே நம்பர் எட்டு இலக்கம். அதை அப்படியே சேவ் செய்திருந்தார்கள். முன்னால் பிளஸ் 65 சேர்த்து, வாட்ஸ்அப்பில் பட்டியலை ரெஃப்ரெஷ் செய்ததும் அவன் படத்தோடு வந்தான். அம்மா உடனே வீடியோ காலில் கூப்பிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்று பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் இதை முதலில் பாருங்கள். வாட்ஸ்அப்புக்குக் காண்டாக்ட்ஸ் அனுமதி கொடுத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அது இல்லையென்றால் பெயரே வராது, வெறும் நம்பர்தான் தெரியும்.

வேதாரண்யத்திலிருந்து:

2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் எங்கள் பக்கம் கரை கடந்தது. தென்னையும் மாவும் சாய்ந்தன. கரண்ட் இல்லை, டவர் இல்லை. என் ஃபோன் தண்ணீரில் ஊறிச் செத்துவிட்டது. எத்தனையோ வருஷம் சேர்த்த நம்பர்கள் அதில் இருந்தன, எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது மனைவியின் நம்பர் ஒன்றுதான்.

பிறகு திருத்துறைப்பூண்டியில் மச்சான் ஃபோனில் என் ஜிமெயிலைத் திறந்து காண்டாக்ட்ஸ் பக்கத்தைப் பார்த்தேன். ஜிமெயிலில் சேவ் செய்தவை அத்தனையும் இருந்தன. ஃபோனில் மட்டும் சேவ் செய்தவை ஒன்றுகூட இல்லை. எங்கள் வார்டில் உதவிக்கு அலைந்த பையன்கள் நம்பர்கள் அந்த இரண்டாவது வகையில்தான் மாட்டியிருந்தன. அவர்களைத் தெருத்தெருவாகத் தேடிப்போய்க் கண்டுபிடித்தோம்.

மன்னார்குடி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புது நம்பர் சேவ் செய்யும்போது மேலே எந்தக் கணக்கு என்று காட்டும், அதைத் தட்டி உங்கள் ஜிமெயிலுக்கு மாற்றிவிடுங்கள். முக்கியமான பத்து நம்பரையாவது ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டு, பட்டாவோடு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். அடுத்தவர் ஃபோனில் உங்கள் கணக்கைத் திறந்திருந்தால், கிளம்புவதற்கு முன் மறக்காமல் லாக்அவுட் செய்யுங்கள்.