ஜெர்சி என்றால் வெறும் பழுப்புப் பட்டையா?

அக்கரைவாசி:
நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் இருக்கும் குயின்ஸ்வாசி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் காபி இறங்கவில்லை. ஒரு ஊரின் உயிரை ஒரே பக்கத்தில் பிடித்த பத்திரிகை அட்டை உலகத்திலேயே ஒன்றுதானாம். 1976 மார்ச் 29 தேதியிட்ட நியூயார்க்கர் இதழுக்கு சால் ஸ்டைன்பெர்க் வரைந்ததாம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். படத்தின் கீழ்ப்பாதி முழுக்க மன்ஹாட்டனின் ஒன்பதாவது அவென்யூவும் பத்தாவது அவென்யூவும். கட்டடம், கார், நடந்து போகிறவர்கள் என்று பொறுமையாக வரைந்திருக்கிறார். அப்புறம் ஹட்சன் ஆறு. ஆற்றைத் தாண்டினால் பழுப்பாக ஒரு பட்டை, அதில் 'ஜெர்சி' என்று ஒரு சொல். எங்கள் நியூஜெர்சி மாநிலம் அவ்வளவுதான். முடிந்தது. மிச்ச அமெரிக்கா ஒரு சதுரம், நாலு பாறை, தூவிவிட்ட பெயர்கள். நான் பதினோரு வருடமாக அந்தப் பட்டையில்தான் குடியிருக்கிறேன். வீட்டு வரி வேறு கட்டுகிறேன். பட்டைக்கு யாராவது வரி போடுவார்களா?

குயின்ஸ்வாசி:
ஆரம்பித்துவிட்டாரய்யா. சார், அந்தப் படம் கேலி செய்வது உங்களை இல்லை, எங்களை. தன் தெருவைத் தாண்டி உலகமே இல்லை என்று நினைக்கிற நியூயார்க்காரனின் மண்டைக்குள் இருக்கும் வரைபடம் அது. வாஷிங்டனை மெக்சிகோ பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். பசிபிக் கடல் ஹட்சனைவிடக் கொஞ்சம்தான் அகலம். மிலானில் கட்டடக்கலை படித்த மனிதருக்கு அளவு தெரியாதா?

அக்கரைவாசி:
கேலி எனக்கும் புரியும், பாடம் எடுக்க வேண்டாம். நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஏன் பட்டை?

கோட்டோவியன்:
படத்தை இன்னொரு முறை பாருங்கள் நண்பரே. 'ஜெர்சி' என்ற எழுத்துதான் சிகாகோ, டெக்சாஸ், நெப்ராஸ்கா எல்லாவற்றையும்விடத் தடிமனாக இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர் கொஞ்சமாவது மதித்தது உங்கள் ஊரைத்தான்.

அக்கரைவாசி:
எழுத்து தடிமன், நிலம் மெல்லிசு. கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு மண்டபத்தில் நாற்காலி போடாத கதை இது.

குயின்ஸ்வாசி:
ஊர் இருக்கிற அழகுக்குத்தான் பட்டை. டோல் கணக்கைப் பாருங்கள். ஆற்றுக்கு அடியில் போகும் ஹாலண்ட் சுரங்கப்பாதையில் நியூயார்க்குக்குள் வருகிறவனிடம்தான் காசு வாங்குகிறார்கள். ஜெர்சிக்குப் போகிறவனுக்கு இலவசம். காசு கேட்டால் எவனும் வரமாட்டான் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

அக்கரைவாசி:
தலைகீழாகப் படிக்கிறீர்களே! அந்த ஊரிலிருந்து தப்பித்து ஓடுகிறவனிடம் காசு கேட்பது பாவம் என்று விட்டிருக்கிறார்கள். சரி, டோலை விடுங்கள். நியூயார்க் ஜயன்ட்ஸ், நியூயார்க் ஜெட்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிகள் இரண்டும் எங்கே விளையாடுகின்றன? கிழக்கு ரதர்ஃபோர்டில். அது எந்த மாநிலம்? குடியேறி வந்தவர்கள் இறங்கிய எல்லிஸ் தீவு? அதில் பெரும்பகுதி நியூஜெர்சிக்குத்தான் சொந்தம் என்று 1998-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. உங்கள் பந்து எங்கள் மண்ணில், உங்கள் சரித்திரம் எங்கள் தீவில். படத்தில் மட்டும் பட்டை.

இன்னொன்றும் கேட்கிறேன். படம் ஒன்பதாவது அவென்யூவில் நின்று மேற்கே பார்க்கிறது. குயின்ஸ் எந்தப் பக்கம்? முதுகுக்குப் பின்னால். எனக்காவது பட்டை கிடைத்தது. உமக்கு அதுவும் இல்லை. இதில் 'எங்கள் ஊர் அட்டை' என்று பீற்றல் வேறு.

குயின்ஸ்வாசி:
வீட்டு வாசலில் நின்று வெளியே பார்க்கிறவன் முதுகுக்குப் பின்னால் வீடுதான் இருக்கும். இதுகூடவா சொல்ல வேண்டும்?

மாடவீதி மாமா:
உங்கள் ஆற்றுச் சண்டையில் நம் ஆட்களை மறந்துவிட்டீர்கள். ஆனந்த விகடன் 1926-இல் பிறந்தது, நியூயார்க்கருக்கு ஒரே வயது இளையது. ஓவியர்களில் மாலி என்ன, கோபுலு என்ன! தில்லானா மோகனாம்பாளுக்குக் கோபுலு போட்ட படங்களில் ஆட்கள் உட்காரும் தினுசிலேயே தஞ்சாவூர் தெரியும். ஸ்டைன்பெர்க்காம், பெர்க்.

கோட்டோவியன்:
மாமா, அவை தொடர்கதைக்கு உள்ளே வந்த படங்கள். இங்கே பேச்சு அட்டையைப் பற்றி.

மாடவீதி மாமா:
உள்ளே வந்தால் என்ன, வெளியே வந்தால் என்ன? பத்திரிகையை நீங்கள் அட்டையோடு மூடி வைத்துவிடுவீர்களா? போன வருடம் ஓவியர் மணியம் செல்வன் பற்றிய இழையிலும் இதே மாதிரிதான் என் வாயை அடைத்தீர்கள். மறக்கவில்லை.

மைக்கூடு:
எனக்கு நியூயார்க் என்றால் 2001 செப்டம்பர் 24 இதழின் அட்டைதான். ஆர்ட் ஸ்பீகல்மனும் அவர் மனைவி ஃபிரான்ஸ்வாஸ் மூலியும் செய்தது. முதலில் பார்த்தால் வெறும் கறுப்பு. கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்புக்குள் இன்னொரு கறுப்பாக, செப்டம்பர் 11 தாக்குதலில் இடிந்த இரண்டு கோபுரங்கள். வடக்குக் கோபுரத்தின் ஆன்டெனா பத்திரிகைப் பெயரில் உள்ள 'டபிள்யூ' எழுத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஒரு நண்பர் வீட்டில் அந்த இதழைக் கையில் வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்த்தான் பார்த்தேன். திரையில் அது சரியாகத் தெரியாது. தெருப்பெயரும் இல்லை, ஆளும் இல்லை. ஆனாலும் அது எந்த ஊர் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அக்கரைவாசி:
அம்மா, நல்ல படம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. தாக்குதல் நடந்த அன்றைக்கு மன்ஹாட்டனிலிருந்து படகு படகாக ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து எங்கே இறக்கினார்கள்? ஜெர்சி கரையிலும்தானே? நான் அப்போது இந்த ஊரில் இல்லை. எங்கள் கட்டடத்துப் பழைய ஆட்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அந்தப் பழுப்புப் பட்டைதான் அன்று தண்ணீர் கொடுத்தது.

குயின்ஸ்வாசி:
அதை ஏன் இதற்குள் இழுக்கிறீர்கள்? 1976-இல் வரைந்தவருக்கு 2001 தெரியுமா?

கோட்டோவியன்:
அட்டையின் செல்வாக்கைப் பேசுவோமே. 'மாஸ்கோ ஆன் தி ஹட்சன்' என்ற 1984-ஆம் வருடப் படத்தின் போஸ்டர், கிழக்கே மாஸ்கோ வரை பார்ப்பதுபோல இதே பாணியில் வந்தது. ஸ்டைன்பெர்க் வழக்குப் போட்டார். படக் கம்பெனியான கொலம்பியா பிக்சர்ஸ் அவருடைய பதிப்புரிமையை மீறியிருக்கிறது என்று 1987-இல் தீர்ப்பு. உலகத்தை இப்படிப் பார்க்கும் யோசனை யாருக்கும் பொது. ஆனால் அந்தக் கட்டடங்களை அவர் வரைந்த விதம் அவருக்குச் சொந்தம்.

அக்கரைவாசி:
பாருங்கள், கோர்ட்டிலும் கட்டடத்தைப் பற்றித்தான் பேச்சு. பட்டையைப் பற்றி யாராவது வாயைத் திறந்தார்களா?

மாடவீதி மாமா:
விகடன் படங்களைப் பற்றி நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

குயின்ஸ்வாசி:
அக்கரைவாசி, நேரடியாகவே கேட்கிறேன். போன பொங்கல் விழாவுக்கு உங்கள் ஜெர்சியில் இருக்கும் எடிசன் ஊர் வரை வந்தேன். கார் நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போய், சர்க்கரைப் பொங்கல் தீர்ந்துவிட்டது. அவ்வளவு பெரிய மாநிலத்தில் ஒரு காருக்கு இடமில்லை. ஸ்டைன்பெர்க் பட்டை போட்டதில் என்ன தப்பு?

அக்கரைவாசி:
சொன்ன நேரத்துக்கு வந்திருந்தால் இடமும் இருந்தது, பொங்கலும் இருந்தது. அன்று டப்பாவில் எடுத்துக்கொண்டு போன வடையை மறந்துவிட்டீர்கள் போல.

எங்கள் அலுவலக வரவேற்பறையில் அந்த அட்டையின் பெரிய பிரதி ஃபிரேம் போட்டுத் தொங்குகிறது. திங்கட்கிழமை ஸ்கேல் கொண்டுபோய் ஜெர்சி எத்தனை மில்லிமீட்டர், பத்தாவது அவென்யூ எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து இங்கேயே போடுகிறேன். அப்புறம் பேசுவோம்.

குயின்ஸ்வாசி:
அளக்கிறதுதான் அளக்கிறீர்கள், எழுத்தின் தடிமனையும் சேர்த்து அளந்து போடுங்கள்.

மாடவீதி மாமா:
எல்லிஸ் தீவுக்கு எந்தக் கரையிலிருந்து படகு ஏறினால் கூட்டம் குறைவு? ஜூனில் மகள் வீட்டுக்கு வருகிறேன்.

அக்கரைவாசி:
ஜெர்சியிலிருந்து, மாமா. லிபர்ட்டி ஸ்டேட் பார்க்கில் ஏறுங்கள். பட்டையில்தான் இருக்கிறது.