அம்மாவின் கட்-ஆஃப் கணக்கு: உங்கள் அனுபவம் என்ன?

காவிரிக்கரை:
நான் 2011-ல் பிளஸ் டூ முடித்தேன். அப்போது மருத்துவத்துக்கு நுழைவுத் தேர்வு கிடையாது, பாடத்துக்கு 200 என்று போட்ட பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். உயிரியலை இரண்டால் வகுத்து, இயற்பியலையும் வேதியியலையும் கூட்டி நான்கால் வகுத்து, இரண்டையும் சேர்த்தால் 200-க்கு கட்-ஆஃப். இந்தக் கணக்கு எனக்கு முன்னால் அம்மாவுக்கு மனப்பாடம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

என்னைச் சேர்த்தது நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில். காலை ஐந்து மணிக்கு எழுப்பினால் இரவு பத்து வரை படிப்பு. மாதத்தில் ஒரு ஞாயிறு தஞ்சாவூரிலிருந்து பஸ் மாறி மாறி அம்மா வருவார். பையில் புளியோதரை இருக்கும். ஆனால் டெஸ்ட் பேப்பரைப் பார்த்த பிறகுதான் டப்பா திறக்கும். மார்க் குறைந்த மாதம் அந்தப் புளியோதரை தொண்டையில் இறங்காது.

அம்மா பிளஸ் டூ முடித்தது 1985-ல். மருத்துவத்துக்கு நுழைவுத் தேர்வு வந்த புதிது. விண்ணப்பம் வாங்கவே தாத்தா காசு தரவில்லை. மறு வருஷம் கல்யாணம். இதெல்லாம் பின்னால் சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

கடைசியில் எனக்கு வந்தது 191.5. இயற்பியல் 196, வேதியியல் 194, உயிரியல் 188. டாக்டராக வேண்டியவளை உயிரியலே கவிழ்த்துவிட்டது. அம்மா பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு வரும், பேச்சு வராது.

கால்நடை மருத்துவத்துக்கு இடம் கிடைத்தது, அதுவும் நாமக்கல்லிலேயே. "மாட்டு டாக்டருக்கா இவ்வளவு செலவு பண்ணேன்?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். நான் சேர்ந்துவிட்டேன். முதல் வருஷம் முழுக்க வீம்புக்குத்தான் படித்தேன். அப்புறம் நிஜமாகவே பிடித்துப்போயிற்று. கன்று புரண்டு கிடக்கிற பசுவுக்குள் தோள்வரை கையை விட்டு, கன்றின் காலைத் தேடிப் பிடித்து இழுத்து, அது தும்முவதைக் கேட்டிருந்தால் உங்களுக்கும் பிடிக்கும்.

இப்போதும் சொந்தக்காரர்கள் ஃபோன் பண்ணினால் அம்மா "பொண்ணு டாக்டர்" என்பார். "கால்நடை" என்ற சொல்லை மட்டும் விழுங்கிவிடுவார். அந்தப் பதினோரு நாளை மன்னித்துவிட்டேன். இதை முடியவில்லை.

மே ஏழு:
எனக்கு நேர்மாறு. நான் 2017 பேட்ச். எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தினார்கள். பிளஸ் டூ-வில் 1200-க்கு 1168. மே 7-ஆம் தேதி நீட் எழுதப் போனால் பாதிக் கேள்வி நான் தொடாத பாடம். தமிழ்நாட்டுக்கு நீட்டிலிருந்து விலக்கு வரும், வரும் என்று ஆகஸ்ட் வரை டிவி முன்னாலேயே இருந்தோம், வரவில்லை. அம்மா திட்டுவார் என்று தயாராக இருந்தேன். "நான்தான்டி அந்தப் பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டேன்" என்று அழுதார். இரண்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தை என்ன செய்வதென்றே தெரியவில்லை. இப்போது பி.காம். முடித்து வேலையில் இருக்கிறேன். அந்தப் பேச்சை இருவருமே எடுப்பதில்லை.

இரண்டு பெண்களின் அம்மா:
நானும் காலண்டர் தாளில் கணக்குப் போடுகிற ஆள்தான், இப்போது நீட்டின் 720-க்கு. காவிரிக்கரை, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சொல்லை ஏன் விடுகிறார் என்று அம்மாவிடமே கேட்டதுண்டா?

காவிரிக்கரை:
கேட்டேன் அக்கா. "ஃபோன்ல அவ்வளவு விளக்கமா சொல்ல நேரம் எங்கடி இருக்கு?" என்றார். அன்றைக்குப் பெரியம்மாவிடம் ஒரு மணி நேரம் பேசியிருந்தார்.